எட்டு பேர், ஒரே ஓவன்: அயர்லாந்து வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாடு

கேள்வி: கார்க் நகரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டு ஐரிஷ் தம்பதியையும் அவர்கள் மகளையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். எங்களோடு சேர்த்து எட்டு பேர். அவர்கள் முறைப்படியே சமைக்க ஆசை. இணையத்தில் தேடினால் கார்ன்ட் பீஃப், கின்னஸ் ஸ்டூ, பச்சை நிறக் கேக் என்று என்னென்னவோ வருகிறது. வீட்டில் ஒரே ஓவன்தான். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், சுத்த சைவம். எப்படிச் சமாளிப்பது?

பதில்:

முதலில் அந்தப் பச்சைக் கேக்கை மறந்துவிடுங்கள். அதெல்லாம் மார்ச் 17-ஆம் தேதி, புனித பேட்ரிக் நாளுக்காக, பெரும்பாலும் அமெரிக்காவில் செய்வது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்தால் மரியாதைக்காகச் சிரிப்பார், அவ்வளவுதான்.

உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சியான கார்ன்ட் பீஃபும் அப்படித்தான். ஆனால் அது நீங்கள் குடியிருக்கும் ஊரின் கதை என்பதால் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து மாடுகள் உயிரோடு இங்கிலாந்துக்குப் போவதற்கு 1663-இல் ஒரு சட்டம் கெடுபிடி செய்தது, 1667-இல் வந்த சட்டம் ஒரேயடியாகத் தடை போட்டது. மாடாக அனுப்பத்தானே தடை, உப்புப் போட்ட இறைச்சியாக அனுப்பலாமே என்று கார்க் துறைமுகம் அந்த வியாபாரத்தில் இறங்கியது. 18-ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் பீப்பாய் பீப்பாயாக இங்கிருந்து போனது. 'கார்ன்' என்பது இங்கே சோளம் இல்லை. தானியம் பருமனுக்கு இருந்த உப்புக் கல். இதில் வேடிக்கை, அதைச் செய்து அனுப்பிய ஊரில் ஏழை ஜனங்களுக்கு அது எட்டாத சாமான். பிழைக்க நியூயார்க் போனவர்கள்தான் அங்கே யூதர்களின் கறிக்கடைகளில் அதைப் பார்த்து, வாங்கி, முட்டைக்கோஸோடு வேகவைத்தார்கள். இங்கே வீடுகளில் முட்டைக்கோஸுக்குத் துணை, உப்பில் ஊறிய பன்றி இறைச்சியான பேக்கன்தான், அதுவும் சாதாரண நாள் சாப்பாடு. கின்னஸ் என்ற கறுப்பு பீர் ஊற்றி இறைச்சியை வேகவைக்கும் கின்னஸ் ஸ்டூ நல்ல சாப்பாடுதான், ஆனால் மழைக்கால ராத்திரிக்கு.

சரி, கிறிஸ்துமஸுக்கு இங்கே என்னதான் சாப்பிடுகிறார்கள்? வான்கோழியும், உப்பில் ஊறவைத்த பன்றித் தொடை இறைச்சியான ஹாமும். இரண்டும் ஒரே தட்டில். அவற்றோடு ரொட்டித்தூள் ஸ்டஃபிங், கிரேவி, கிரான்பெர்ரி சாஸ், கேரட்டும் பார்ஸ்னிப்பும் (வெள்ளைக் கேரட் போன்ற கிழங்கு) சேர்த்து மசித்தது, பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் (குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும்), வறுத்த உருளைக்கிழங்கு, மசித்த உருளைக்கிழங்கு. ஆமாம், ஒரே தட்டில் இரண்டு வகை உருளைக்கிழங்கு. சில வீடுகளில் மூன்றாவதும் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது சோற்றுக்குச் சோறே தொட்டுக்கொள்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. இப்போது ஒன்று குறைந்தால் எனக்கே கோபம் வருகிறது. முன்னால் சிறிதாக, பழுப்பு சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவி மேலே புகையூட்டிய சால்மன் மீன். கடைசியில் டிரைஃபிள் (கேக், ஜெல்லி, கஸ்டர்டு அடுக்கிய இனிப்பு), கிறிஸ்துமஸ் புட்டிங் (உலர்பழங்கள் போட்டு ஆவியில் வேகவைத்த கனமான இனிப்பு). மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் உட்காருவார்கள். நீங்கள் 3 மணி என்று சொல்லிவிடுங்கள்.

இதில் கைப்பக்குவம் என்று பயப்பட ஒன்றும் இல்லை. நான் இந்த ஊரில் ஆறு வருடம் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தேன். டிசம்பர் மாதம் முழுக்க இதே சாப்பாடுதான். அங்கே கற்றுக்கொண்டது, இது தாளிப்பு, வதக்கல் மாதிரி கடைசி நேரச் சமையல் இல்லை; முன்னாலேயே செய்து வைக்கிற சமையல். கல்யாண வீட்டில் முந்தின ராத்திரியே காய் நறுக்கி முடிப்பதைப் போல 24-ஆம் தேதி பாதி வேலை முடிந்துவிட வேண்டும். 25-ஆம் தேதி ஓவனுக்குள் எது எப்போது போகிறது என்ற கணக்கு மட்டும்தான் மிச்சம்.

ஹாமிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னைக் கேட்டால் இந்த விருந்தின் நாயகன் அதுதான், வான்கோழி படத்துக்கு. கடையில் இரண்டு விதமாக இருக்கும். ஏற்கெனவே வேகவைத்தது, துண்டு போட்டுச் சாப்பிட வேண்டியது. அது வேண்டாம். உப்பில் ஊறவைத்த, வேகாத ஹாம் வேண்டும், எலும்பில்லாமல் சுமார் 2½ கிலோ. கறிக்கடையில் 'கிறிஸ்துமஸுக்கு வேகவைக்கிற ஹாம்' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படியே 'இது எவ்வளவு உப்பு, ஊறவைக்கணுமா' என்றும் கேளுங்கள். கேட்காமல் விட்டவன் நான். முதல் வருடம் நண்பர்களுக்குச் செய்தபோது ஊறவைக்கவும் இல்லை, தண்ணீரை மாற்றவும் இல்லை. பார்க்க ஜொலித்தது. ஒரு வாய் வைத்ததும் எல்லோரும் தண்ணீர் கிளாஸைத் தேடினார்கள். உப்புக்கண்டத்தைக் கழுவாமல் கடித்த மாதிரி இருந்தது.

உப்பு அதிகம் என்று கடைக்காரர் சொன்னால் முந்தின இரவே முழுகத் தண்ணீரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இல்லையென்றாலும் ஒரு சோதனை உண்டு. பெரிய பானையில் ஹாமைப் போட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். வெள்ளையாக நுரை கட்டி மேலே வரும். அந்தத் தண்ணீரை ஒரு கரண்டி ஆறவைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். ரசத்தில் உப்புத் தூக்கலாக இருக்கும் அளவுதான் என்றால் பரவாயில்லை. முகம் சுளிக்க வைத்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். அப்புறம் ஒரு வெங்காயம், ஒரு கேரட், பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை. தீயைக் குறைத்து, தண்ணீர் அங்கங்கே ஒரு குமிழி விடுகிற பதத்தில் வையுங்கள். தளதளவென்று கொதித்தால் இறைச்சி நார் நாராகப் போய்விடும். கணக்கு, 450 கிராமுக்கு 20 நிமிடம், அதற்கு மேல் ஒரு 20 நிமிடம். 2½ கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். இது அடுப்பின் மேலே நடக்கிற வேலை என்பதைக் கவனியுங்கள். ஓவன் வான்கோழிக்குக் காலி.

வெந்ததும் எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால் தோல் கையோடு உரிந்து வரும். அடியில் இருக்கும் வெள்ளைக் கொழுப்பை எடுக்காதீர்கள். கூர்மையான கத்தியால் கொழுப்பு வரை மட்டும், இறைச்சியைத் தொடாமல், மைசூர்பாகு வில்லை போடுகிற மாதிரி சாய்வாகக் கட்டங்கள் கீறுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஒவ்வொரு கிராம்பு. மூன்று மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுதும் குழைத்து மேலே பூசி, 200 டிகிரியில் 25, 30 நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் அடிக்கடி எட்டிப் பாருங்கள். சர்க்கரை பொன்னிறத்திலிருந்து கறுப்புக்குப் போக இரண்டு நிமிடம் போதும்.

வான்கோழியில் ஒரு சலுகை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பறவை வேண்டாம். கால் இல்லாமல் எலும்போடு நெஞ்சுப் பகுதி மட்டும் விற்பார்கள், டர்க்கி கிரௌன் என்று பெயர். இங்கே பல வீடுகளில் இப்போது அதுதான். 3 கிலோ கிரௌன் உங்கள் கூட்டத்துக்குத் தாராளம். உறைந்ததை வாங்கினால் 23-ஆம் தேதி காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றுங்கள், முழுதாக இளக இரண்டு நாள் ஆகும். இன்னொன்று, கழுவாதீர்கள். மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசாவிட்டால் நமக்கு மனசு வராது, தெரியும். ஆனால் குழாயடியில் தெறிக்கிற தண்ணீரோடு கிருமி சிங்க் முழுக்கப் பரவும், பக்கத்தில் வைத்த கீரை வரை. ஓவன் சூடு கிருமியைக் கொல்லும், தண்ணீர் கொல்லாது. காகிதத் துவாலையால் ஒற்றி எடுத்தால் போதும்.

100 கிராம் வெண்ணெயை இளக்கி, நறுக்கிய தைம், பார்ஸ்லி, கொஞ்சம் உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசைந்து, நெஞ்சின் தோலுக்கும் சதைக்கும் நடுவில் விரலை விட்டுப் பிரித்து உள்ளே தள்ளுங்கள். தோல் கிழியாமல் மெதுவாக. தட்டில் வைத்து மேலே அலுமினியத் தாள் மூடி 180 டிகிரியில் (விசிறி ஓடும் ஓவன் என்றால் எல்லாவற்றுக்கும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்) இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். கடைசி 40 நிமிடம் தாளை எடுத்துவிட்டால் தோல் முறுகும். ஒரு இறைச்சித் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். சதை மிகத் தடியாக இருக்கும் இடத்தில் குத்தினால் 75 டிகிரி காட்ட வேண்டும். காட்டினால் எடுத்துவிடுங்கள், கடிகாரம் என்ன சொன்னாலும் சரி. 'வான்கோழி வைக்கோல் மாதிரி இருக்கும்' என்ற பெயர் வந்ததே பயத்தில் இன்னும் அரைமணி நேரம் விட்டுவைப்பவர்களால்தான். வெளியே எடுத்து, தாள் மூடி, குறைந்தது அரைமணி நேரம் சும்மா இருக்கட்டும். ஒரு மணி நேரமானாலும் சூடு போகாது. ஒரே ஓவன் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்நாடி.

இப்போது உருளைக்கிழங்கு. ஹாமை ஐரிஷ்காரர் மன்னிப்பார், இதை மன்னிக்க மாட்டார். 1845-இல் கிழங்கில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அப்படியும் கிழங்கை விடாத நாடு இது. கிழங்கைப் பற்றி நாம் அரிசியைப் பற்றிப் பேசுவதைப் போலப் பேசுவார்கள்: பழசா, புதுசா, எந்த மண். 'மாவுருண்டை மாதிரி இருக்கு' என்பது இங்கே கிழங்குக்குக் கிடைக்கிற உச்சப் பாராட்டு. ஆகவே வழவழப்பாக, வெந்தாலும் உடையாமல் நிற்கும் ரகம் வேண்டாம். வெந்ததும் தோல் வெடித்து மாவாகப் பூக்கும் ரகம் வேண்டும். சிவப்புத் தோல் ரூஸ்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கும்; கார்லோ மாவட்டத்து ஓக் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. கெர்ஸ் பிங்க் கிடைத்தால் மசியலுக்கு அதை எடுங்கள்.

மசியலுக்கு 1½ கிலோ. தோலோடு முழுசாக உப்புத் தண்ணீரில் போடுங்கள். கால்மணி நேரம் கொதித்த பிறகு முக்கால்வாசித் தண்ணீரை வடித்துவிட்டு, மூடி போட்டு, மிச்சத் தண்ணீரின் ஆவியிலேயே வேகவிடுங்கள். இது இங்கத்திய பாட்டிமார் வழி. தண்ணீரில் முழுக வெந்த கிழங்கு தண்ணீரைக் குடித்துக் களியாகும், ஆவியில் வெந்தது உலர்ந்து நிற்கும். சூடாக இருக்கும்போதே துணியில் பிடித்து உரித்து மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் சுவரொட்டி ஒட்டுகிற பசை கிடைக்கும். கடையில் 'பொட்டேட்டோ ரைசர்' என்று ஒன்று வைத்து விற்பார்கள். நம் இடியாப்ப அச்சுக்குச் சொந்தக்காரன்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த அச்சு இருந்தால் அதிலேயே பிழியுங்கள், அம்மாவுக்கு நல்ல வேலை. 200 மில்லி பாலைச் சூடாக்கி, வெங்காயத்தாள் ஒரு கட்டு நறுக்கிப் போட்டு ஒரு கொதி விட்டு, அதை ஊற்றிக் கிளறி, 100 கிராம் வெண்ணெய் சேர்த்தால் அது 'சாம்ப்'. வடக்கே அல்ஸ்டர் பக்கத்துப் பெயர். வெங்காயத்தாளுக்குப் பதில் வேகவைத்துப் பிழிந்து நறுக்கிய கேல் கீரையோ முட்டைக்கோஸோ சேர்த்தால் 'கோல்கேனன்'. கோல்கேனனுக்கு உரிய நாள் ஹாலோவீன். அதற்குள் மோதிரம், காசு எல்லாம் ஒளித்து வைத்துச் சோதிடம் பார்ப்பார்கள். ஆனாலும் கிறிஸ்துமஸ் மேசையில் வைத்தால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். பாத்திரத்தில் குவித்து, நடுவில் கரண்டியால் குழி பறித்து, ஒரு கட்டி வெண்ணெயை அதில் உருக விடுங்கள். பொங்கலில் நெய்க்குழி வைப்போமே, அதேதான்.

வறுவலுக்கு 2 கிலோ. தோல் சீவி, பெரிய துண்டுகளாக வெட்டி, உப்புத் தண்ணீரில் 8 நிமிடம். வடித்ததும் மூடி போட்டுப் பாத்திரத்தை நாலு குலுக்குக் குலுக்குங்கள். ஓரமெல்லாம் மசிந்து துருவல் ஒட்டிய மாதிரி ஆகும். அந்தச் சொரசொரப்புதான் பிறகு மொறுமொறுப்பு. ஓவன் தட்டில் எண்ணெய் ஊற்றி அதை முதலில் காயவையுங்கள். கிழங்கு விழும்போது சொய்ங் என்று சத்தம் வர வேண்டும். வாத்துக் கொழுப்பில் செய்தால் வாசனை தனி. ஆனால் ஒரே ஓவனில் அம்மாவுக்கென்று இன்னொரு தட்டு வைக்க இடம் இருக்காது. மொத்தத்தையும் சூரியகாந்தி எண்ணெயிலேயே செய்துவிடுங்கள்.

ஸ்டஃபிங், நாம் அதிகம் செய்யாத பண்டம், ஆனால் சுலபம். முந்தின நாள் வெள்ளை ரொட்டியை உதிர்த்து 300 கிராம் தூள். 150 கிராம் வெண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயத்தைக் கண்ணாடிப் பதத்துக்கு வதக்கி, தைம், பார்ஸ்லி, உப்பு, மிளகு சேர்த்து ரொட்டித்தூளில் கலந்தால் முடிந்தது. வான்கோழிக்குள் திணிக்காதீர்கள். தனிப் பாத்திரத்தில் அரைமணி நேரம். அப்படிச் செய்தால் அம்மாவும் சாப்பிடலாம்.

கேரட்-பார்ஸ்னிப் மசியலை 24-ஆம் தேதியே செய்து வைத்து மைக்ரோவேவில் சுட வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரௌட்ஸ் ஐந்து நிமிடம் கொதிநீரில், அப்புறம் வெண்ணெயில் ஒரு புரட்டு. பிடிக்காதவர்கள்கூட இரண்டாவது தட்டில் எடுத்துக்கொள்வார்கள், சடங்கு மாதிரி.

சோடா ரொட்டியில்தான் நம்மவர்கள் தவறுகிறோம், காரணம் நம் கை. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை, மாவைக் கண்டால் அழுத்தும். இதை அழுத்தினால் செங்கல். 225 கிராம் முழுக்கோதுமை மாவு, 225 கிராம் மைதா, ஒரு தட்டையான தேக்கரண்டி ஆப்ப சோடா (இங்கே பிரெட் சோடா என்று எழுதியிருக்கும்), ஒரு தேக்கரண்டி உப்பு. நடுவில் குழி செய்து 400 மில்லி மோர் ஊற்றுங்கள். கடையில் அட்டைப் பெட்டியில் வருகிற மோர், கெட்டியாகப் புளிப்பாக இருக்கும். நம் நீர்மோர் இல்லை. அந்தப் புளிப்புதான் சோடாவோடு சேர்ந்து ரொட்டியை உப்பவைக்கிறது, ஈஸ்ட் கிடையாது. விரல்களை நகம் நீட்டிய பூனை மாதிரி விறைப்பாக விரித்து, வட்டமாக ஐந்தாறு சுற்று. மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்துங்கள். கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். உருண்டையாகத் தட்டி மேலே ஆழமாகக் கூட்டல் குறி கீறுங்கள். தேவதைகள் வெளியே போக வழி என்பார்கள். நடுப்பகுதி வேகவும் அதுதான் வழி. 230 டிகிரியில் 15 நிமிடம், 200-இல் 30 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் கேட்க வேண்டும்.

கார்க்கில் இருந்துகொண்டு ஒன்றை விட்டுவிடக் கூடாது: ஸ்பைஸ்டு பீஃப். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் என்றால் இங்கிலீஷ் மார்க்கெட்டில் ஒரு கிலோ வாங்கிவிடுங்கள். 1788-இல் திறந்த சந்தை அது. உப்பு, சர்க்கரை, மிளகு, கிராம்பு, பட்டை, ஆல்ஸ்பைஸ் எல்லாம் தடவி வாரக்கணக்கில் ஊறியது, வெளியே கறுப்பாக இருக்கும். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கப்பலில் வந்த சரக்கெல்லாம் துறைமுக ஊர்க்காரர் கையில் கிடைத்ததால் உண்டான பண்டம். 24-ஆம் தேதி இரண்டு மணி நேரம் மெல்ல வேகவைத்து, குளிர வைத்து, மெல்லிசாகச் சீவி ரொட்டியோடு வையுங்கள். அதே சந்தையில் மீன் கடைப் பக்கம் பலகை போலக் காய்ந்து கிடப்பது லிங் மீன் கருவாடு. ஒரு காலத்தில் 24-ஆம் தேதி இறைச்சி விலக்கு. அதை ஊறவைத்து வேகவைத்து வெள்ளை சாஸ் ஊற்றிக் கிழங்கோடு சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பாட்டி செய்திருப்பார்.

உங்கள் அம்மாவின் தட்டு. பெரிய தட்டைக் காளான் நாலு வாங்கி, ஸ்டஃபிங்கை அதில் நிரப்பிச் சுட்டால் அவருக்கென்று ஒரு முக்கியப் பண்டம் ஆயிற்று. கோல்கேனன், வறுவல், காய்கள் எல்லாம் பொது. கிரேவி மட்டும் தனி: வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வறுத்து, ஒரு கரண்டி மைதா, காய்கறிச் சாறு. கவனிக்க வேண்டியது இனிப்பில். புட்டிங்கிலும், உலர்பழப் பூரணம் வைத்த மின்ஸ் பை என்ற பலகாரத்திலும் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சைவக் கொழுப்பு போட்டதும் கிடைக்கும், பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். டிரைஃபிளில் போடும் ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கும், கேக்கில் முட்டை. அவர் முட்டையும் சேர்க்கமாட்டார் என்றால் பழத்தின் மேல் கஸ்டர்டு. பேர்ட்ஸ் கஸ்டர்டு பவுடரில் முட்டை இல்லை. 1837-இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகவே கண்டுபிடித்தது. அவர் செய்த புண்ணியம் உங்கள் அம்மாவுக்கும் வந்து சேரட்டும்.

புட்டிங்கை இந்த வருடம் கடையில் வாங்கிவிடுங்கள். வீட்டில் செய்பவர்கள் நவம்பரிலேயே செய்து ஊறவிட்டிருப்பார்கள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆவியில் சூடாக்கினால் போதும், இட்லிக் கொப்பரை அளவெடுத்த மாதிரி பொருந்தும். மேசைக்குக் கொண்டுபோகுமுன் மூன்று மேசைக்கரண்டி பிராந்தியைச் சிறு கரண்டியில் வெதுவெதுப்பாக்கி, மேலே ஊற்றி, விளக்கை அணைத்துவிட்டுப் பற்றவையுங்கள். நீலச் சுடர் அரை நிமிடம் நிற்கும். அலங்காரத்துக்கு வைக்கும் ஹாலி இலையின் சிவப்புப் பழம் விஷம், குழந்தைகள் இருந்தால் அது வேண்டாம்.

நேரக் கணக்கு இப்படி. காலை 9.30-க்கு சோடா ரொட்டி ஓவனில். 11 மணிக்கு வான்கோழி ஓவனில், 11.20-க்கு ஹாம் அடுப்பில். 1 மணிக்குத் தெர்மாமீட்டரைக் கையில் எடுங்கள், வறுவல் கிழங்கை அரை வேக்காடு வேகவையுங்கள். 1.30-க்கு வான்கோழி வெளியே. உடனே ஓவனை 220-க்கு ஏற்றி எண்ணெய்த் தட்டை உள்ளே வைத்து, 1.45-க்குக் கிழங்கு. ஹாம் இறங்கியதும் காலியான அடுப்பில் புட்டிங் ஏறட்டும், பக்கத்து அடுப்பில் மசியல் கிழங்கு. 2.10-க்கு ஓவனை 200-க்கு இறக்கி, அடித்தட்டில் ஹாம், ஸ்டஃபிங், அம்மாவின் காளான். 2.30-க்கு வான்கோழித் தட்டில் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அதிலேயே இரண்டு கரண்டி மைதா வறுத்து, அரை லிட்டர் சூப் தண்ணீர் ஊற்றி கிரேவி. ஹாம் வெந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பாகிவிடும். 2.45-க்கு எல்லாம் வெளியே. வரும்போதே விருந்தாளிகளுக்கு சால்மன் ரொட்டியைக் கொடுத்து உட்கார வைத்திருந்தால் பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் யாருக்கும் தெரியாது.

மிளகாய்த்தூள் டப்பாவை அன்று ஒரு நாள் எடுக்காதீர்கள். 'சப்பென்று இருக்குமோ' என்று கை பரபரக்கும். உப்பும் வெண்ணெயும் சரியாக இருந்தால் சப்பென்று இருக்காது. அம்மாவுக்கு ஊறுகாய் வேண்டுமானால் மேசையில் ஒரு ஓரமாக வையுங்கள். பக்கத்து வீட்டு மகள் நிச்சயம் கேட்டு வாங்குவாள்.

பரிமாறும்போது ஒரு விஷயம். 'இன்னும் கொஞ்சம்?' என்றால் முதலில் 'வேண்டாம், போதும்' என்பார்கள். அதை நம்பிவிடாதீர்கள். நம் ஊர் மாதிரியேதான், மூன்றாவது தடவைதான் உண்மையான பதில்.

26-ஆம் தேதி, இங்கே புனித ஸ்டீபன் நாள், யாரும் சமைக்க மாட்டார்கள். மிச்ச வான்கோழி, ஹாம், ஸ்டஃபிங் மூன்றையும் வெள்ளை ரொட்டிக்குள் அடுக்கிச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் டப்பா திறக்கும்: வான்கோழியைப் பிய்த்துப் போட்டு, சோம்பு, மிளகு, கறிவேப்பிலை தாளித்து ஒரு வறுவல். ஹாம் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்தால், பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்து, பட்டாணிப் பருப்புப் போட்டு வேகவையுங்கள். உப்பே போட வேண்டியிருக்காது.